துள்ளி ஓடும் உருளைக்கிழங்கு! கல்கத்தா யூதர் விருந்து, திருப்பாலைக்குடி அடுப்பில்

முள்கரண்டியால் குத்தினால் தட்டிலிருந்து துள்ளிப் பக்கத்தில் இருப்பவர் மடியில் போய் விழும் உருளைக்கிழங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கல்கத்தாவில் வாழ்ந்த யூதர்களின் வீடுகளில் இதற்குத் 'துள்ளும் உருளைக்கிழங்கு' என்றே செல்லப் பெயர் உண்டு. மேல்தோடு அவ்வளவு கெட்டி. தட்டினால் டக் டக்கென்று சத்தம் வரும். உடைத்தால் உள்ளே ஆவி பறக்க, பஞ்சுபோல வெந்த மாவு. இஞ்சி, பூண்டு, மிளகாய் எதுவும் கிடையாது. உருளைக்கிழங்கு, உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள், எண்ணெய். அதற்கு மேல் வேண்டியது பொறுமை மட்டும்தான்.

இந்தப் பலகாரத்தின் பெயர் ஆலு மக்கல்லா. 'ஆலு' நமக்குத் தெரிந்த இந்திச் சொல். 'மக்கல்லா' அரபியிலிருந்து வந்தது; பொரித்தது என்று பொருள். பாதி இந்தி, பாதி அரபு. சாப்பிட்டவர்கள் யூதர்கள். சமைத்தவர்களோ, பெரும்பாலும் முஸ்லிம் சமையல்காரர்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தபின் தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாள் விருந்தில் இது இல்லாமல் மேஜை நிறையாது.

பாக்தாத்திலிருந்து கல்கத்தாவுக்கு

யூதர்கள் என்றதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கொச்சிதான். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டப்பட்ட யூதக் கோயிலைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பார்கள். நம் சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வைரமும் பவளமும் வாங்கி விற்ற யூத வணிகர்கள் 17-ம் நூற்றாண்டிலேயே அங்கே இருந்தார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் உறுப்பினர்களில் அவர்களும் இடம்பெற்றார்கள்.

கல்கத்தாவின் கதை அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. சிரியாவின் அலெப்போ நகரத்தைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் என்ற வணிகர் சூரத் வழியாக 1798-ல் அங்கே வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் பாக்தாத்திலிருந்தும் பஸ்ராவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அதனால்தான் இந்தச் சமூகத்துக்கு 'பாக்தாதி யூதர்கள்' என்று பெயர். அவுரி, பட்டு, அபின் என்று அந்தக் காலத்தில் பணம் கொழித்த சரக்குகள் அத்தனையிலும் அவர்கள் கைவைத்தார்கள். வீட்டில் பேசியது அரபு. அதை எழுதியது எபிரேய எழுத்தில். இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஆங்கிலத்துக்கும் கவுனுக்கும் மாறிவிட்டார்கள்.

எஸ்ரா தெரு என்று இன்றைக்கும் கொல்கத்தாவில் ஒரு தெரு இருக்கிறது. அவர்களில் பெரும் பணக்காரக் குடும்பத்தின் பெயர் அது. 1971 போரில் டாக்கா சரணாகதிக்கான ஏற்பாடுகளைச் செய்த ஜெனரல் ஜேக்கப் இந்தச் சமூகத்துப் பிள்ளை. 1947-ல் மிஸ் இந்தியா பட்டம் வென்ற நடிகை பிரமிளாவும் அப்படியே.

உருளைக்கிழங்கு அவர்கள் கொண்டுவந்தது அல்ல. தென்னமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியா வந்து, ஆங்கிலேயர் ஆதரவில் வங்காளத்தில் வேர்பிடித்த கிழங்கு அது. 1856-ல் அரியணை இழந்து கல்கத்தா வந்த லக்னோ நவாப் வாஜித் அலி ஷாவின் சமையலறையில்தான் பிரியாணிக்குள் உருளைக்கிழங்கு புகுந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கொல்கத்தா பிரியாணியில் கறித்துண்டைவிடக் கிழங்கைத் தேடுகிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் பாக்தாத் குடும்பங்களும் கிழங்கின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

நெருப்பு மூட்டக் கூடாத நாள்

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கும். சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் முடியும். இடையில் 39 வகை வேலைகளுக்குத் தடை. அதில் முக்கியமானது நெருப்பு மூட்டுவது. பைபிள் படிப்பவர்கள் யாத்திராகமம் 35-ம் அதிகாரத்தில் இதைப் பார்க்கலாம். அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்றால் சமையல் எப்படி? ஒன்று, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் சமைத்து முடிக்க வேண்டும். அல்லது, முன்கூட்டியே தணலில் ஏற்றிவைத்து, தானாக வேகும்படி விட்டுவிட வேண்டும்.

உலகம் முழுக்க யூதர் வீடுகளின் ஓய்வுநாள் சாப்பாடு இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்ததுதான். போலந்து, லித்துவேனியா பக்கத்து யூதர்கள் உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயமும் முட்டையும் எண்ணெயும் சேர்த்து 'கூகல்' என்று ஒன்று செய்வார்கள். இரவு முழுக்கச் சூட்டில் கிடந்து காலையில் பழுப்பு நிறத்தில் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். இறைச்சி, பயறு, கிழங்கு போட்ட 'சோலன்ட்' சட்டியை வெள்ளிக்கிழமை மாலை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்துவிட்டு, மறுநாள் மதியம் போய் வாங்கி வருவார்கள். மார்கழிக் குளிரில் வார்சாவில் மாலை மூன்றரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஓய்வுநாள் வாசலில் வந்து நிற்கும்!

கல்கத்தாவில் அவ்வளவு அவசரம் இல்லை. கரி அடுப்பில் பெரிய சட்டி ஏறும். கிழங்குகள் எண்ணெயில் மெதுவாக, மிக மெதுவாக வேகும். ஒரு கட்டத்தில் இறக்கி அப்படியே எண்ணெயிலேயே வைத்துவிட்டு, சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் சூடேற்றிச் சிவக்கவிடுவார்கள். ஆறினாலும் தோடு சட்டென்று நமத்துப் போகாது. முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டிய விருந்துக்கு இதைவிடத் தோதான கிழங்குப் பலகாரம் கிடையாது என்பது என் கட்சி.

இன்னொரு விதியும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. யூதர்கள் இறைச்சியையும் பாலையும் ஒரே சாப்பாட்டில் சேர்க்க மாட்டார்கள். வெள்ளி இரவு மேஜையில் கோழி இருக்கும் என்பதால் கிழங்கை நெய்யில் பொரிக்க முடியாது, எண்ணெய்தான். அவர்கள் செய்யும் கோழிக் குழம்பில் தயிரும் கிடையாது. பாலின் இடத்துக்குத் தேங்காய்ப்பால் வந்தது. கொச்சி யூதர்களும் மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்களும்கூட அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சொதி வைக்கிற நமக்கு இது உடனே புரியும்.

ஏன் திருப்பாலைக்குடி?

இந்தப் பலகாரத்தைச் செய்து பார்த்து எழுதலாம் என்று முடிவானபோது, முதலில் வந்த கேள்வி யாருடைய அடுப்பில் என்பதுதான். கல்கத்தாவின் வசதியான யூதக் குடும்பங்களில் பெண்கள் சமையலறைக்குள் நின்று மேற்பார்வை பார்ப்பார்கள். கரண்டி பிடித்தவர்கள் முஸ்லிம் சமையல்காரர்கள். பன்றி இறைச்சி அவர்கள் வீட்டிலும் கிடையாது. முறைப்படி அறுக்காத இறைச்சியைத் தொடவும் மாட்டார்கள். அதனால் யூத எசமானியம்மாளுக்குப் பாதி கவலை விட்டது. மீதியை, அதாவது பாலும் இறைச்சியும் சேரக் கூடாது, அதற்குத் தனித்தனிப் பாத்திரம் என்கிற கணக்கை எல்லாம், அந்தச் சமையல்காரர்கள் கற்றுக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்தார்கள். ஓய்வுநாள் தடை அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பது கூடுதல் வசதி.

அப்படியென்றால் நம் ஊரிலும் ஒரு முஸ்லிம் வீட்டு அடுப்பில்தானே இதை ஏற்ற வேண்டும்? ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி போகிற வழியில் இருக்கிறது திருப்பாலைக்குடி. பாக் நீரிணைக் கரை. மீனும் நண்டும் இறாலும்தான் ஊரின் பிழைப்பு. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சமையலுக்குப் பேர்போன ஒருவர் உண்டு. தெருவே அவரை லாத்தா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பாட்டுக் கடை ஒழிந்தபின் மதியம் இரண்டரை மணிக்கு ஆரம்பித்தோம். வெள்ளி இரவு விருந்து என்று நான் சொன்னதும் லாத்தா கேட்ட முதல் கேள்வி: "வெள்ளி ராவுன்னா நேத்துல்ல? இன்னிக்கு ராவு சனி ராவாச்சே!"

இந்தக் கணக்கு மற்ற வாசகர்களுக்குப் புரியாமல் போகலாம். முஸ்லிம் வீடுகளில் மக்ரிபோடு நாள் மாறிவிடும். ஆகவே வியாழக்கிழமை இரவைத்தான் வெள்ளி இரவு என்பார்கள். யூதர்களுக்கும் அதே கணக்குதான். நாம் வெள்ளி இரவு என்று சொல்வது அவர்களுக்குச் சனிக்கிழமையின் தொடக்கம். எங்கோ பாக்தாத்தில் தொடங்கிய விஷயத்தை விளக்க நான் தயாராக வந்திருந்தேன். லாத்தாவுக்கு அதில் விளக்க எதுவும் இல்லை. "அப்ப மக்ரிபுக்கு முன்னாடி அடுப்ப அணைச்சிரணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுக் கிழங்கை எடுத்தார்.

செய்முறை

தேவையானவை: ஒரே அளவான நடுத்தர உருளைக்கிழங்கு 12 (ஒரு கிலோவுக்குச் சற்று மேலே), உப்பு 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், எண்ணெய் சுமார் ஒரு லிட்டர் (நாங்கள் பயன்படுத்தியது கடலை எண்ணெய்), அடி கனமான இருப்புச் சட்டி.

கிழங்கு வாங்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். தோல் உரிந்து வருகிற புதுக்கிழங்கு வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம். கொஞ்சம் முற்றிய, மாவுச்சத்துள்ள கிழங்கு நல்லது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நம் கடைகளுக்கு வரும் ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்த கிழங்கு மட்டும் கூடவே கூடாது. குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும். எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன் வெளியே கருத்துப்போகும்.

தோல் சீவி, முழுசாகவே வையுங்கள். வெட்ட வேண்டாம். கிழங்கு மூழ்கும் அளவு தண்ணீரில் உப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, கொதி வந்ததிலிருந்து ஐந்து நிமிடம் கழித்து வடித்துவிடுங்கள். வெளிப்பக்கம் மட்டும் அரை வேக்காடு ஆகியிருக்க வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தில்தான் மேற்பரப்பில் உள்ள மாவு பசைபோலக் குழைகிறது. அதுவே பிறகு எண்ணெயில் காய்ந்து ஓடாக இறுகுகிறது.

அடுத்த வேலை காயவைப்பது. துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் 20 நிமிடம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் தெறிக்கும், இதில் அவசரப்படாதீர்கள். காய்ந்தபின் முள்கரண்டியால் ஒவ்வொரு கிழங்கிலும் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். உள்ளே உருவாகும் நீராவி வெளியேற வழி வேண்டும்.

இப்போது சட்டியில் கிழங்குகளை ஒரே அடுக்காக அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. அதன் மேல் பச்சை எண்ணெயை ஊற்றுங்கள். கிழங்கு முங்கியும் முங்காமலும் இருக்கும் அளவு. அடுப்பைப் பற்றவையுங்கள்.

இந்த இடத்தில் லாத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். காய்ந்த எண்ணெயில் போடுவதுதானே பொரியல்? பச்சை எண்ணெயில் கிழங்கை ஊறப்போட்டு அடுப்பேற்றுவது நம் ஊரில் யாரும் செய்யாத காரியம். ஆனால் இந்தப் பலகாரத்தின் சூட்சுமமே அங்கேதான். எண்ணெயும் கிழங்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். காய்ந்த எண்ணெயில் போட்டால் தோல் சட்டென்று சிவந்துவிடும். நடுக்கிழங்கு பச்சையாகவே நிற்கும்.

நல்ல தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குமிழி கிளம்பும். கிளம்பியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் மட்டும் வந்துகொண்டே இருக்க வேண்டும். இனி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் சட்டியைச் சும்மா விட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் மெல்லிய தோல் கிழிந்துவிடும். கால் மணிக்கு ஒருமுறை சட்டியின் காதைத் துணியால் பிடித்து லேசாக ஆட்டிவிட்டால் போதும். முதல் இருபது நிமிடம் அடியில் ஒட்டியதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், தோடு இறுகியதும் தானாக விட்டுக்கொடுக்கும். இறக்கும் வரை சட்டியை விட்டு நகராதீர்கள், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஒரு லிட்டர் கொதிக்கும் எண்ணெய் விளையாட்டுச் சாமான் அல்ல.

சுமார் ஒரு மணி நேரம் கழித்து ஒரு கிழங்கைக் கரண்டியால் தட்டிப் பார்த்தோம். மரக்கட்டைச் சத்தம். நிறம் மட்டும் இன்னும் வெளிறிய மஞ்சள். இதுதான் பதம். அடுப்பை அணைத்து, கிழங்கை எண்ணெயிலேயே விட்டுவிடலாம். ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே இருக்கலாம். அந்த இடைவெளியில் லாத்தா கோழியைக் கவனித்தார்.

கடைசிக் கட்டம், பரிமாறுவதற்கு முன்னால். மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, இந்த முறை நல்ல தீயில் பத்து நிமிடம். வெளிறிய மஞ்சள் பொன்னிறமாகி, பிறகு செம்பழுப்புக்கு வரும். எடுத்து எண்ணெய் வடியவிடுங்கள். திருப்பாலைக்குடியில் சூரியன் ஆண்டு முழுக்க ஆறு மணியை ஒட்டியோ, அதற்குச் சற்றுப் பின்னாலோதான் மறையும். குளிர்காலம், கோடைக்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. நாங்கள் ஐந்தே முக்காலுக்கு அடுப்பை அணைத்தோம். பாங்கு சொன்னபோது கிழங்கு தட்டில் இருந்தது.

"ஒரு லிட்டரையும் குடிச்சிருக்குமே" என்று கவலைப்பட்டவர் லாத்தாவின் மருமகள். ஆறியபின் அளந்தால் முக்கால் லிட்டருக்கு மேல் திரும்பக் கிடைத்தது. முழுக்கிழங்கு என்பதால் எண்ணெய் படும் பரப்பு குறைவு. தோடு இறுகியபின் உள்ளே எண்ணெய் நுழைய வழியும் குறைவு. அதே அளவு கிழங்கைச் சிப்ஸாகச் சீவியிருந்தால் கதை வேறு.

கூட என்ன?

ஆலு மக்கல்லா தனியாகச் சாப்பிடுவது இல்லை. கல்கத்தா மேஜையில் பக்கத்தில் கோழி ரோஸ்ட்டும் புலாவும் இருக்கும். 'மஹாஷா' என்று தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் ஆகியவற்றுக்குள் அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைத்தது இருக்கும். சனிக்கிழமைக்கு 'ஹமீன்': அரிசி அடைத்த கோழியை மேலும் அரிசி போட்டு இரவு முழுக்கத் தணலில் வைத்தது.

எனக்குப் பிடித்தது இவற்றில் எதுவும் அல்ல, 'ஹில்பே' என்ற வெந்தயச் சட்னி. இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்தயத்தை இரவே ஊறப்போட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, இரண்டு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, இரண்டு பல் பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைக்க வேண்டும். அரைத்ததோடு விடாமல் நுரைத்து வெளுக்கும் வரை அடிக்க வேண்டும். இட்லி மாவுக்கு வெந்தயம் ஊறப்போடுகிற ஊரில் இது எப்படி நமக்குத் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை. மசாலாவே இல்லாத அந்தக் கிழங்குக்கு இந்தச் சட்னிதான் சரியான ஜோடி.

மீன் விஷயத்துக்கு வருவோம். யூதர்கள் மீன் சாப்பிடுவார்கள், ஆனால் துடுப்பும் செதிளும் இரண்டும் இருக்க வேண்டும். லேவியராகமம் 11-ம் அதிகாரத்தின் விதி அது. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பாலைக்குடிக் கரையில் நின்றால் வேடிக்கையாக இருக்கும். ஊருக்குக் காசு கொண்டுவரும் நண்டு கூடாது. இறால் கூடாது. கணவாய் கூடாது. சுறா, திருக்கை, கெளுத்தி கூடவே கூடாது. மடவை சாப்பிடலாம். கொடுவாய் சாப்பிடலாம். விளைமீன் சாப்பிடலாம். இதைக் கேட்ட லாத்தாவின் மகன் (கடலுக்குப் போகிறவர்) "நல்ல விலை போறது எல்லாத்தையும் வேணாம்னு சொல்றாங்களே, வாங்குறவனுக்கு லாபம்தான்" என்றார்.

கிழங்கு எப்படி இருந்தது? சின்னவன் ஒருவன் ஸ்பூனால் குத்தினான்; கிழங்கு தட்டிலிருந்து எழுந்து பாயில் உருண்டு ஓடியது. கல்கத்தாக்காரர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. கையால் பிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. பெருவிரலை வைத்து அழுத்தினால் படக்கென்று பிளந்துகொள்கிறது. லாத்தா முதல் கிழங்கை முடித்துவிட்டுச் சொன்னது: "உப்பு இன்னும் கொஞ்சம் வேகவைக்கிற தண்ணியிலயே போட்டிருக்கணும். மேல தூவுனா ஏறாது." இந்தத் திருத்தத்தை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன 2 டீஸ்பூனை 3 ஆக்கலாம்.

இன்று எத்தனை பேர்?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களையும் சேர்த்து, கல்கத்தாவில் சில ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். 1946 கலவரம், 1947 பிரிவினை, 1948-ல் இஸ்ரேல் உருவானது, வியாபாரம் சுருங்கியது என்று ஒன்றன்பின் ஒன்றாக வர, லண்டன், இஸ்ரேல், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று கலைந்துபோனார்கள். யாரும் விரட்டவில்லை. சொந்தக்காரர்கள் போனார்கள், பிள்ளைகளுக்கு வரன் பார்க்க ஆளில்லை, அதனால் மிச்சமிருந்தவர்களும் கிளம்பினார்கள். இன்றைக்கு அந்த நகரத்தில் இருப்பவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. அதிலும் பலர் முதியவர்கள்.

1856-ல் கட்டிய பெத் எல் கோயிலும், செங்கல் கோபுரத்தோடு 1884-ல் எழுந்த மாகென் டேவிட் கோயிலும் பழுதுபார்க்கப்பட்டு அழகாக நிற்கின்றன. ஆனால் யூதக் கூட்டு வழிபாட்டுக்கு மரபுப்படி வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பதுதான் அங்கே முடியாத காரியம். கோயில்களைப் பெருக்கித் துடைத்து, விளக்குகளைப் பார்த்துக்கொள்பவர்கள் முஸ்லிம்கள். 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி இப்போதும் நடக்கிறது. படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். நியூ மார்க்கெட்டில் நாகூம்ஸ் பேக்கரி 1902-லிருந்து பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே பிளம் கேக் வாங்க நிற்கும் வரிசையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் உண்டு.

ஆனால் கேக்குபோல ஆலு மக்கல்லாவைக் கடையில் பொட்டலம் கட்டி வாங்க முடியாது. அது வீட்டுப் பலகாரம். அடுப்பிலிருந்து நேராக மேஜைக்கு வர வேண்டியது. மேஜையில் நாலு பேர் உட்கார்ந்திருக்க வேண்டியது. குடும்பங்கள் கப்பலேறியபோது சமையல்காரர்கள் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார்கள். அதுவரை கரண்டி பிடித்திராத பல பெண்கள் லண்டன் ஃபிளாட்டின் சின்னச் சமையலறையில், நினைவிலிருந்து, இந்தக் கிழங்கைச் செய்து பழக வேண்டியிருந்தது. அப்படிப் பழகியவர்களில் சிலர் பின்னாளில் சமையல் புத்தகங்கள் எழுதினார்கள். இன்றைக்கு நமக்கு அளவும் முறையும் கிடைப்பது அவர்களால்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த, அல்லது அவர்கள் கண்ணெதிரே செய்து காட்டிய சமையல்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கேயும் பதிவாகவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். ஒரு மதத்தின் ஓய்வுநாள் சுவையை இன்னொரு மதத்தவர் நூறு வருஷத்துக்கு மேல் கைப்பக்குவமாகக் காத்திருக்கிறார்கள். புத்தகத்தில் அவர்கள் 'சமையல்காரர்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள்.

லாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் பெயரை யார் எழுதிவைக்கிறார்கள் என்று கேட்டார். அவருடைய உம்மா வைத்த கஞ்சியைத்தான் தான் வைப்பதாகவும், அதற்கு அளவு என்று எதுவும் கிடையாது என்றும், கை சொல்லும் என்றும் சொன்னார். பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, அடுத்த தடவை இதை மக்ரிபுக்கு முன்னால் முடிக்க வேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்பதால் இஷாவுக்குப் பின்னால் ஏற்றப் போவதாகவும், ஹில்பேயில் கொஞ்சம் தேங்காய் சேர்த்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

மிஞ்சிய கிழங்கு இரண்டு. மறுநாள் காலையில் சுடவைக்காமலே சாப்பிட்டோம். தோடு கொஞ்சம் இளகியிருந்தது, ருசி குறையவில்லை. மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி வைத்திருந்தார் லாத்தா. அதில் தாளித்த மீன் குழம்புக்கு அன்று வந்தது மடவை.